உணவு ஒன்றானால் உள்ளம் ஒன்றாகுமா?

நம் நாட்டில் பல இனத்தார் கூடும் மேடைகளில் ஒரு கூற்று அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். "நாம் எல்லோரும் ஒரே உணவை உண்கிறோம், ஆகவே நாம் அனைவரும் ஒன்றே" என்பது அது. தவறாமல் கைதட்டல் பெற்றுத் தரும் கூற்று. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகிய மூன்றின் பெயரோடும் சேர்த்து, யுனெஸ்கோ நிறுவனம் மனித குல மரபுப் பட்டியலில் ஏற்றியது. அதன் பின்னர் இக்கூற்றுக்குப் புதிய வலிமை பிறந்துள்ளது. தேங்காய்ப் பாலில் வெந்த மலாய்க்காரர் சோறும், இந்திய முஸ்லிம்கள் வீசித் தட்டும் ரொட்டியும், உயரத் தூக்கி ஆற்றிய தேநீரும் உலக அரங்கில் ஒருங்கே இடம்பெற்றது மகிழத்தக்க செய்தியே. அதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

ஆயினும் மகிழ்ச்சி வேறு, ஆராய்ச்சி வேறு. ஒத்த உணவு மக்களிடையே ஒற்றுமையை விளைவிக்குமா? விளைவிக்குமாயின், ஒரே உணவை உண்ட மக்கள் ஒருவரையொருவர் பகைத்த இடங்களில் அந்த உணவு என்ன செய்துகொண்டிருந்தது? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் அக்கூற்றை மாணவர்க்குக் கற்பித்தல் ஆசிரியர்க்கு அழகன்று. கற்பித்தது பொய்யென்று பிற்காலத்தில் மாணவன் உணர்வானாயின், ஒற்றுமை என்னும் சொல்லையே அவன் ஐயுறத் தொடங்குவான். ஆதலின் இப்பொருளைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

சைப்பிரசுத் தீவின் சான்று

முதலில் நமக்குத் தொலைவான ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். தொலைவில் உள்ளதைப் பற்றிப் பேசும்போது நடுநிலை எளிதாகிறது.

மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையில் உள்ள சைப்பிரசு, மலாயாவையும் இலங்கையையும் போலவே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்து, 1960-இல் விடுதலை பெற்ற தீவு. அங்கே கிரேக்க மொழி பேசும் கிறித்தவர்கள் பெரும்பான்மையினர்; துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் சிறுபான்மையினர். 1963-ஆம் ஆண்டின் இறுதியில் இரு சாராரிடையே கலவரம் மூண்டது. தலைநகராகிய நிக்கோசியாவின் குறுக்கே பச்சைக் கோடு ஒன்று வரையப்பட்டது. 1974-இல் கிரேக்கச் சார்பினர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றதும், துருக்கிப் படை வந்திறங்கி வட பகுதியைக் கைப்பற்றியதும், தீவையே இரண்டாகப் பிளந்தன. வடக்கிலிருந்த கிரேக்கர் தெற்கே ஓடினர். தெற்கிலிருந்த துருக்கியர் வடக்கே சென்றனர்.

இவ்விரு சாராரின் அடுக்களைகளில் மட்டும் பிளவைக் காண்பது அரிது. ஆட்டுப் பாலில் செய்து, புதினா இலை சேர்த்து, வாட்டி உண்ணும் பாலாடைக்கட்டி ஒன்று அத்தீவின் தனிச் சிறப்பு. கிரேக்கர் அதை ஹல்லூமி என்பர். துருக்கியர் ஹெல்லிம் என்பர். திராட்சை இலையில் அரிசியும் இறைச்சியும் பொதிந்து வேகவைப்பது இரு சாராருக்கும் உரியது. நீண்ட கைப்பிடி கொண்ட சிறு பாத்திரத்தில் காய்ச்சி, மண்டியோடு கோப்பையில் ஊற்றும் காப்பியும் அப்படியே. அக்காப்பிக்குத் துருக்கிக் காப்பி என்ற பெயரே முன்பு பொதுவாக வழங்கியது. 1974-க்குப் பின் கிரேக்கர் நாவில் அது கிரேக்கக் காப்பி ஆயிற்று; சைப்பிரசுக் காப்பி என்றும் ஆயிற்று. பொடியும் மாறவில்லை, பக்குவமும் மாறவில்லை. பெயர் மாத்திரம் மாறிற்று.

2003-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் எல்லைக் கதவுகள் திறந்தன. இரு பக்கத்தாரும் திரள் திரளாகக் கடந்து சென்று தாம் பிறந்த வீடுகளைக் கண்டனர். அவ்வீடுகளில் அப்போது குடியிருந்தவர்கள் பலர் அவர்களை உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தனர். உணவால் ஒற்றுமை வளரும் என்பார்க்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. ஆனால் அடுத்த ஆண்டு, 2004 ஏப்ரலில், தீவை மீண்டும் இணைக்கும் திட்டத்தின்மேல் இரு சாராரிடமும் வாக்கெடுப்பு நடந்தது. துருக்கியருள் நூற்றுக்கு ஏறக்குறைய 65 பேர் இசைந்தனர். கிரேக்கருள் நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேர் மறுத்தனர். நிலம், வீடு, படை, பாதுகாப்பு ஆகிய கேள்விகளுக்குக் காப்பிக் கோப்பையில் விடை இருக்கவில்லை. பின்னர் 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஹல்லூமி, ஹெல்லிம் என்னும் இரு பெயர்களையும் ஒருங்கே பதிவு செய்து பாதுகாப்பு அளித்தது. பாலாடைக்கட்டி ஓரேட்டில் இடம்பெற்றுவிட்டது. தீவோ இன்னும் இரண்டாகவே இருக்கிறது.

கொரியாவிலும் இதே நிலைதான். கிம்சி என்னும் ஊறுகாய் வடக்குக்கும் தெற்குக்கும் பொதுவானது. தென் கொரியா அதை 2013-இல் தனியே யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியது. வட கொரியா 2015-இல் தனியே ஏற்றியது. வியப்பு யாதெனின், 2018-இல் இவ்விரு நாடுகளும் கூடி ஒரே பெயரில் பதிவு செய்தது அவர்களுடைய மற்போர்க் கலையை. சண்டையில் ஒன்றுபட முடிந்தவர்களுக்கு ஊறுகாயில் ஒன்றுபட இயலவில்லை.

ஈழத்து அடுப்புகள்

இனி, நமக்கு அண்மையான இலங்கைக்கு வருவோம். இதைப் பேசும்போது நடுநிலை எளிதன்று. ஆயினும் பேசத்தான் வேண்டும்.

சிங்களவரும் தமிழரும் உண்பனவற்றின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நம் ஆப்பம் அவர்களுக்கு ஆப்ப. இடியாப்பம் அவர்களுக்கு இந்தி ஆப்ப. பிட்டு இருவர்க்கும் பிட்டே. தேங்காய்ச் சம்பல் அவர்கள் வாயில் பொல் சம்போல. தோசை தோசே ஆகிறது. சித்திரைப் புத்தாண்டை இருவரும் ஒரே நாளில் கொண்டாடுகின்றனர்; அரசு விடுமுறையின் பெயரே சிங்களத் தமிழ்ப் புத்தாண்டு என்பதுதான். இரு வீடுகளிலும் நல்ல நேரம் பார்த்தே அடுப்பு மூட்டுவர். பால் பொங்கி வழிதல் இருவர்க்கும் மங்கலம். நாம் பொங்கல் படைப்போம். அவர்கள் கிரிபத் என்னும் பாற்சோறு படைப்பர். அவர்கள் சுடும் எண்ணெய்ப் பலகாரம் ஒன்றின் உச்சியில் சிறு முடிச்சு இருக்கும். அதற்குக் கொண்டக் கெவும் என்று பெயர். அந்தக் கொண்டவும் நம் கொண்டையும் ஒரே பொருளன.

இத்துணை ஒப்புமை உடைய இரு மக்களிடையே 1956-இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1958-இலும் 1977-இலும் கலவரங்கள் நிகழ்ந்தன. 1983 ஜூலையில் கொழும்பு நகரில் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. எரிந்தவற்றுள் உணவுக் கடைகளும் இருந்தன. சிங்களவர் அத்தகைய தமிழ்ச் சைவ உணவுக் கடைகளைத் தோசேக் கடை என்றே வழங்குவர். நாள்தோறும் அங்கே உண்பார் பலர். தோசையின் சுவை அறிந்த நாவுகள் அந்நகரில் ஏராளமாக இருந்தன. அச்சுவை அக்கடைகளைக் காப்பாற்றவில்லை.

2009 மே மாதம் போர் முடிந்தது. அம்மாதத்தில் அத்தீவில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளிவாய்க்கால் கடற்கரையில் சிக்கிக்கொண்ட தமிழ் மக்களுக்குக் கடைசி நாட்களில் கிடைத்த உணவு, அரிசியும் உப்பும் நீருமாகக் காய்ச்சிய கஞ்சி. தென்னிலங்கையிலோ, போர் முடிந்தது என்ற மகிழ்ச்சியில் மக்கள் வீதிகளில் வெடி கொளுத்திப் பாற்சோறு பரிமாறினர். அங்கேயும் அரிசி, இங்கேயும் அரிசி. ஒரே தீவு, ஒரே வாரம். உணவின் ஒப்புமை இதைவிட நெருங்க முடியாது. உள்ளங்கள் இதைவிட விலகவும் முடியாது.

அக்கஞ்சி இப்போது ஓர் அடையாளமாகிவிட்டது. ஆண்டுதோறும் மே மாதத்தில் தமிழர் வாழும் ஊர்களில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி வருவோர் போவோர்க்கு வழங்குகின்றனர். அதே மே மாதத்தில்தான் பெரும்பாலும் புத்தர் பெருமானின் வெசாக் திருநாளும் வரும். அன்று சிங்களப் பௌத்தர்கள் தன்சல் என்னும் அன்னதானப் பந்தல்களை வீதியோரம் அமைத்து, இன்னார் இனியார் என்று பாராமல் உணவு வழங்குவர். அது போற்றத்தக்க அறம். ஆனால் 2024 மே மாதத்தில், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி வழங்கியதற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டனர். வீதியோரம் சோறு வழங்குதல் இரு சாராருக்கும் பொதுவான வழக்கம். ஒரு சாரார் வழங்கினால் அறம். மற்றொரு சாரார் வழங்கினால் குற்றம்.

ஏன் இந்த வேறுபாடு? கஞ்சியில் குற்றம் இல்லை. கஞ்சியோடு வரும் கதைதான் அஞ்சப்பட்டது. ஈண்டே நாம் தேடிய விடையின் நுனி தென்படுகிறது. உணவு என்பது பண்டம் மட்டுமன்று. அதற்குப் பெயர் உண்டு. அதை உண்ணும் பந்தி உண்டு. அது நினைவூட்டும் கதை உண்டு. இந்நான்கனுள் பண்டம் பொதுவாவது மிக எளிது. மண்ணும் மழையும் வணிகமும் அண்டை அயலும் சேர்ந்து அதைத் தாமே பொதுவாக்கிவிடும். எவருடைய நல்லெண்ணமும் அதற்குத் தேவையில்லை. பெயரைப் பற்றி வழக்காடுவர். பந்தியைப் பொதுவாக்க முயற்சி வேண்டும். பிறர் கதையைக் கேட்கவோ துணிவே வேண்டும். மேடையில் நாம் கேட்கும் கூற்று முதலாவதைக் காட்டி, மற்ற மூன்றும் கைகூடிவிட்டதாகச் சொல்கிறது. அதுவே அதன் குறை.

அத்துணிவும் அத்தீவில் ஒருமுறை தென்பட்டது. 2022-இல் பொருளாதாரம் சரிந்து, எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் நெடுவரிசையில் நின்ற காலத்தில், கொழும்புக் காலிமுகத்திடலில் ஆட்சிக்கு எதிரான போராட்டம் நிகழ்ந்தது. அவ்வாண்டு மே 18 அன்று அங்கே முள்ளிவாய்க்கால் நினைவு நாள் கடைப்பிடிக்கப்பட்டது, கஞ்சியும் பகிரப்பட்டது. சிங்கள இளைஞர்களும் சமயத் துறவியரும் அதில் கலந்துகொண்டனர். அவர்கள் அருந்தியது தம் வீட்டிலும் காய்ச்சக்கூடிய கஞ்சியே. ஆனால் அன்று அதை, அது யாருடைய துயரின் கஞ்சி என்று அறிந்து அருந்தினர். அத்தீவின் கேள்விகள் அதனால் தீர்ந்துவிடவில்லை. எனினும் 13 ஆண்டுகளுக்கு முன் வீதியில் பரிமாறிய பாற்சோற்றுக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது.

நம் வீட்டுப் பந்தி

பிறர் பந்தியைக் குறை கூறுமுன் நம் பந்தியையும் பார்த்தல் முறையாகும். தமிழ் நாட்டில் ஒரே ஊரில், ஒரே மொழி பேசி, ஒரே குழம்பை உண்டோர், ஒரே பந்தியில் அமர்ந்தனரோ? தேநீர்க் கடைகளில் சாதிக்கொரு குவளை வைத்த கொடுமை அண்மைக் காலம்வரை பேசப்பட்டது. தேநீர் ஒன்றே, கொதித்த பாத்திரமும் ஒன்றே, குவளை மட்டும் இரண்டு.

திருநெல்வேலிச் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தின் வரலாறு பலரும் அறிந்ததே. நாட்டு விடுதலைக்கு இளைஞரை ஆயத்தப்படுத்த வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு, பொதுமக்கள் பணமும் காங்கிரசின் பணமும் பெற்று நடந்த நிறுவனம் அது. அங்கே பார்ப்பன மாணவர் சிலருக்குத் தனிப்பந்தி இடப்பட்டது என்ற செய்தி வெளியானதும், 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் தமிழகமே கொதித்தெழுந்தது. பெரியார் ஈ. வெ. ரா.வும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். தமிழக அரசியலின் போக்கையே திருப்பிய நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று. அவ்விளைஞர்களைக் கொதிக்கச் செய்தது பண்டமன்று, பந்தி. நாட்டுப்பற்று ஒன்று, மொழி ஒன்று, கூரையும் ஒன்று. இலை போடும் இடம் மாத்திரம் வேறு. அந்த ஒன்றே மற்ற ஒருமைகளை எல்லாம் பொய்யாக்கிற்று.

மலாயாத் தோட்டங்களிலும் நிலைமை முற்றும் வேறாக இருந்ததில்லை. தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் பால்வெட்டினர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர் இரயில்வேயிலும் அரசு அலுவலகத்திலும் தோட்ட ஆபீசிலும் எழுத்தராய் அமர்ந்தனர். கிராணியார் வீட்டுப் பிட்டும் லயத்து வீட்டுப் பழஞ்சோறும் ஒரே அரிசியின் பிள்ளைகள்தாம். இரண்டும் ஒரே பந்தியில் அமர்ந்த கதை அரிது. இன்று தோட்டங்கள் பல மறைந்து, பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் நிற்கும் ஊர்களில், அவ்விரு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். இந்த மாற்றத்தைச் செய்தது உணவன்று; பள்ளி.

ஆற்றுப்படை காட்டும் நெறி

உணவும் உறவும் பற்றிய இவ்வினாவுக்குச் சங்க இலக்கியத்திலும் ஒரு விடை கிடைக்கிறது. பெரும்பாணாற்றுப்படையை உணவு நோக்கில் ஒருமுறை படித்துப் பாருங்கள். பரிசில் பெற்ற பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனைக் காஞ்சி நகரத்துத் தொண்டைமான் இளந்திரையனிடம் வழிப்படுத்துகிறான். வழியில் எந்தெந்த ஊரில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே போகிறான். எயினர் குடியில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும். முல்லை நிலத்து உழவரிடம் வரகுச் சோறு. மருத நிலத்தில் நெற்சோறும் கோழிப் பொரியலும். அந்தணர் இல்லத்தில் அரிசிச் சோற்றோடு மாவடு ஊறுகாய். அப்பம் சுடும் கூவியரும் அப்பாட்டில் வருகின்றனர்.

இப்பாட்டின் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், "எல்லோரும் ஒரே உணவை உண்கின்றனர், ஆகவே ஒரே மக்கள்" என்று எங்கும் சொல்லவில்லை. அவர் காட்டுவது அதற்கு மறுதலை. நிலந்தோறும் உணவு வேறு, தொழில் வேறு, வழக்கம் வேறு. ஒரு குடியார் உண்பதை மற்றொரு குடியார் தொடவும் மாட்டார். ஆனால் வாயிலில் வந்து நிற்கும் பசித்த பாணனுக்கு எல்லோரும் தத்தம் உணவைக் கொடுக்கின்றனர். பொதுவாக இருப்பது விருந்து, பண்டமன்று. தமிழரின் பழைய ஒற்றுமைக் கொள்கை ஒன்று உண்டென்றால் இதுவே எனலாம். ஒத்திருத்தலை அது வேண்டவில்லை. வேறுபட்டவனுக்கும் இலை போடுதலை வேண்டிற்று.

கிந்தாப் பள்ளத்தாக்கில் செய்யத்தக்கது

இந்நெறியை மனத்திற்கொண்டு நம் பேராக் மாநிலத்தைப் பார்த்தால், மேடைப் பேச்சுக்கு எட்டாத உண்மைகள் சில புலப்படும்.

நம் சொற்கள் இந்நாட்டு அடுக்களையில் நன்கு குடியேறிவிட்டன. ஆப்பம் மலாயில் அப்பாம் ஆயிற்று. புட்டு, பூத்து ஆயிற்று. கறியும் கடையும் காரி, கெடாய் என வழங்குகின்றன. சீனர் தள்ளுவண்டியில் சுட்டு மடித்துக் கொடுக்கும் நிலக்கடலைப் பலகாரத்துக்கு அப்பாம் பாலிக் என்று பெயர். பண்டம் சீனருடையது, பெயரின் முற்பாதி தமிழ், பிற்பாதி மலாய். ஈப்போவின் புந்தோங்கில் தமிழ்க் குடும்பங்கள் வறுத்தும் பொரித்தும் விற்கும் முறுக்குக்கும் கடலைக்கும் கச்சாங் பூத்தே என்னும் மலாய்ப் பெயரே நிலைத்தது. வாங்கி உண்போர் எல்லா இனத்தாரும். இவை இனியவை; ஆனால் முன்னர்ச் சொன்னபடி, தாமே நிகழ்ந்தவை. இவற்றுக்காக நாம் பெருமை கொள்ளலாம், புகழ் கோருதற்கில்லை.

புகழுக்குரியது வேறொன்று. ஈப்போ நகரில் சீனர் காப்பிக் கடை ஒன்றின் முகப்பில் தமிழ் முஸ்லிம்கள் நாசி கண்டார் விற்பது பல்லாண்டுகளாகப் பெயர் பெற்றது. அங்கே மூன்று இனத்தாரும் நெருங்கி அமர்ந்து உண்பர். ஒருவர் மாட்டிறைச்சி தொடார். ஒருவர் பன்றியிறைச்சி தொடார். ஒருவர் அன்று மரக்கறி நோன்பில் இருப்பார். தட்டு ஒவ்வொன்றும் வேறு, மேசை ஒன்று. இலங்கையில் கண்டது பண்டம் ஒன்றாகிப் பந்தி வேறான நிலை. இங்கே பண்டம் வேறாகியும் பந்தி ஒன்றான நிலை. ஆற்றுப்படைக்கு நெருக்கமானது இதுவே. இத்தகைய மேசைகள் முன்போல் இல்லை என்று நம் முதியோர் கூறுவதைக் கவலையோடு கேட்க வேண்டியிருக்கிறது. ஒரே உணவை உண்கிறோம் என்று முழங்கும் காலத்தில் ஒரே மேசையில் அமர்வது குறையுமாயின், முழக்கத்தால் என்ன பயன்?

2024 பிப்ரவரியில் பா குட் தே என்னும் சீனர் உணவு தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டபோது எழுந்த வாதங்களையும் இங்கே நினைவுகூரலாம். பன்றியிறைச்சியில் செய்வது வழக்கமாதலின், எல்லோரும் உண்ண முடியாத ஒன்றை நாட்டின் மரபு எனலாமா என்று சிலர் வினவினர். வினாவில் நேர்மை இருக்கிறது. ஆனால் எல்லோரும் உண்பதே நாட்டுக்குரியது என்று கொண்டால், நாட்டின் மரபு ஒவ்வோர் இனத்தின் விலக்குக்கும் ஏற்பச் சுருங்கிக்கொண்டே போகும். கிள்ளான் பகுதியில் சீனத் தொழிலாளர் உழைப்போடு பெயர் பெற்ற உணவு அது. அதை நான் உண்ண வேண்டியதில்லை. அதன் கதையை அறிந்து மதிக்க வேண்டும். நாம் உண்ணும் பொதுவுணவைப் போற்றுவது எளிது. நாம் உண்ணாத பிறர் உணவை மதிப்பதே ஒற்றுமைக்குச் சரியான உரைகல்.

ஆதலின் கதைதான் கடைசியில் நாம் வந்துசேரும் இடம். நம் மண்ணில் மூவினத்தாரும் உண்மையிலேயே ஒன்றாய் உண்ட உணவு ஒன்று உண்டு. அது விழா மேடைகளில் இடம்பெறுவதில்லை. மரவள்ளிக்கிழங்கே அது. 1942 முதல் 1945 வரை, நம் முதியோர் சப்பான்காரன் காலம் என்று சொல்லும் அந்நாட்களில், பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவேண்டிய அரிசி வற்றிப்போயிற்று. மலாய்க் கம்பத்திலும், சீனர் குடியிருப்பிலும், தோட்ட லயத்திலும் மரவள்ளியே சோறாயிற்று. பண்டம் அப்படி ஒன்றாயிருந்த காலம் பிறிதொன்று இல்லை.

ஆனால் அக்கிழங்கோடு வரும் கதைகள் வேறு வேறு. சீனர் வீட்டில் கேட்டால், ஆண்களை அணிவகுத்து நிற்கச் செய்து பொறுக்கி எடுத்துக் கொன்ற கதை வரும். தமிழர் வீட்டில் கேட்டால், 415 கிலோமீட்டர் நீண்ட சயாம் மரண இரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போன கதையும், திரும்பி வராதவர் பெயர்களும் வரும். மலாய்க்காரர் வீட்டில் கேட்டால், விளைந்த நெல்லைப் பறிகொடுத்த கதையும், கட்டாய வேலையின் கதையும் வரும். ஒவ்வோர் இனமும் தன் கதையைத் தன் வீட்டுக்குள்ளேயே சொல்லி, தானே மிகுதியாகத் துன்புற்றதாகக் கருதிக்கொண்டிருக்கிறது. ஒரே கிழங்கை உண்ட 80 ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கதைகள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

சந்திக்க முடியும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. பத்து காஜாவுக்கும் ஈப்போவுக்கும் இடையே உள்ள பப்பானில், யூரேசியப் பெண்மணியும் இலங்கைத் தமிழ் மருத்துவர் ஒருவரின் மனைவியுமாகிய சிபில் கார்த்திகேசு, சீனப் போராளிகளுக்கு மறைவாக மருத்துவம் செய்தார். அதற்காகப் பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகி, பத்து காஜாச் சிறையிலும் அடைபட்டார். இது எந்த இனத்தின் கதை? ஓர் இனத்தின் ஏட்டில் மட்டும் எழுத முடியாத கதை இது.

நம் பள்ளிகளில் ஒற்றுமை நாள் கொண்டாடுகிறோம். மூவினத்து உணவுகளை வரிசையாக வைத்துப் படம் எடுக்கிறோம். படம் எடுத்து முடிந்ததும் மாணவர் தத்தம் தோழரோடு தனித்தனியே சென்று அமர்வதைப் பல நிகழ்ச்சிகளில் கண்டிருக்கிறேன். பிள்ளைகள்மேல் பிழையில்லை, அவர்களுக்கு நாம் பண்டத்தை மட்டும் கொடுத்தோம். மாறாக, ஓராண்டு அண்டைப் பள்ளிகளாகிய மலாய்ப் பள்ளியும் சீனப் பள்ளியும் தமிழ்ப் பள்ளியும் கூடி, அவித்த மரவள்ளிக்கிழங்கை மட்டும் நடுவில் வைக்கட்டும். அது எவர்க்கும் விலக்கில்லாத உணவு; செலவும் சிறிது. தம் வீட்டு முதியோரிடம் கேட்டு வந்த சப்பான்காரன் காலத்துக் கதையை ஒவ்வொரு மாணவனும் எழுந்து சொல்லட்டும். மற்ற இரு பள்ளி மாணவரும் கேட்கட்டும். அக்காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே உள்ளனர். இன்னும் சில ஆண்டுகள் கழிந்தால் கேட்பதற்கு ஒருவரும் இரார்.

இதனால் நாட்டின் இனச் சிக்கல்கள் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நிலம், வேலை, கல்வி, மொழி ஆகிய கேள்விகளுக்கு விடை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும்தான் கிடைக்க வேண்டும், அடுக்களையில் கிடைக்காது. சைப்பிரசும் இலங்கையும் நமக்குக் காட்டும் பாடம் அதுவே. ஆயினும் அக்கேள்விகளைப் பேச அமரும் நாளில், எதிரே இருப்பவன் எந்தப் பசியைக் கடந்து வந்தவன் என்று அறிந்தவர்களாய் நம் பிள்ளைகள் அமரவேண்டும். ஆசிரியரால் இயலுவது அவ்வளவே. அதை இந்த ஆண்டே தொடங்கலாம்.